உயிர் காலேஜில் சிறுத்தைக்கு லீவு

மகளுக்கு வேலை ஸ்பெயினில், வலென்சியா நகரத்தில். போன ஏப்ரலில் நானும் மனைவியும் மூன்று வாரம் அங்கே போய் இருந்தோம். யூரோவை நூறால் பெருக்கிப் பார்ப்பதில்லை என்று விமான நிலையத்திலேயே மாப்பிள்ளை என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால் அங்குள்ள பயோபார்க் என்ற மிருகக்காட்சி சாலைக்கு டிக்கெட் என்ன விலை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன். நீங்களும் இந்தக் கட்டுரையிலிருந்து தப்பித்திருப்பீர்கள்.

"அப்பா, அதை ஜூன்னு நினைச்சுட்டு வராதீங்க. உள்ள போனா ஆப்பிரிக்காதான்" என்றாள் மகள்.

எங்கள் காலத்து மெட்ராஸ்காரனுக்கு ஜூ என்றால் உயிர் காலேஜ். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது. எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். நான் விலங்கியல் கற்றது இந்த இரண்டு காலேஜிலும்தான். உயிர் காலேஜில் அட்டெண்டன்ஸ் ரொம்பக் கறார். நாலணாவுக்குக் கடலை வாங்கிக்கொண்டு போய் நின்றால், கம்பிக்கு அந்தப் பக்கம் புலி இருந்தே ஆக வேண்டும். பாவம், ஒளிந்துகொள்ள அதற்கு ஒரு மூலை கிடையாது. 1985-ல் வண்டலூருக்குக் குடிபோன பிறகுதான் அந்த ஜீவன்களுக்குக் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது.

வலென்சியாவுக்கும் இதே கதை உண்டாம். 1965-ல் ஊருக்கு நடுவே ஒரு பூங்காவின் மூலையில் 'தற்காலிகமாக' ஒரு மிருகக்காட்சி சாலை திறந்தார்கள். அந்தத் தற்காலிகம் 2007 வரை, 42 வருஷம் நீடித்தது. இதைக் கேட்டதும் ஸ்பெயின்காரர்கள் மேல் எனக்கு ஒரு பங்காளிப் பாசமே வந்துவிட்டது. 2008-ல்தான் பயோபார்க் திறந்தது. 1957-ல் பெரும் வெள்ளம் வந்து ஊரை மூழ்கடித்ததும் தூரியா ஆற்றையே ஊருக்கு வெளியே திருப்பி விட்டுவிட்டார்கள். காய்ந்த பழைய ஆற்றுப்படுகை முழுக்க இப்போது பூங்கா. அதன் தலைமாட்டில் இருக்கிறது இந்த ஆப்பிரிக்கா. நடந்து போகும்போது மாப்பிள்ளை கூவத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

வாசலில்தான் தெரிந்தது, தூரப் பார்வைக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு, படிக்கிற கண்ணாடியோடு வந்திருக்கிறேன் என்று. ஸ்பானிஷ் பலகைகள் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன, புரியவில்லை. விலங்குகள் பார்த்தால் புரிகிறவை, தெரியவில்லை.

உள்ளே முதல் ஆச்சரியம், கம்பி எங்கேயும் இல்லை. கம்பியை எடுத்துவிட்டு அகழி வெட்டுகிற யோசனை பழசுதான். 1907-லேயே ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி அப்படி ஒரு பூங்கா திறந்துவிட்டார். இங்கே அந்த அகழியும் கண்ணுக்குத் தெரியாதபடி பாறை, புல், தண்ணீர் என்று மூடி மறைத்திருக்கிறார்கள். புல்வெளியில் மான் கூட்டம் மேய்கிறது. பின்னாலேயே பாறை மேல் சிங்கம் படுத்திருக்கிறது. புலியும் பசுவும் ஒரே துறையில் தண்ணீர் குடித்ததாக நம் ராஜாக்களைப் புகழ்வார்களே, அந்த நல்லாட்சி எப்படி நடந்தது என்று அங்கேதான் புரிந்தது. நடுவில் ஒரு பள்ளம், வேளா வேளைக்குச் சாப்பாடு. சிங்கம் நாளில் இருபது மணி நேரம் வரை தூங்குமாம். நாங்கள் போனது அந்த இருபதில் ஒரு மணி.

யானைகளைச் சுற்றிலும் பிரம்மாண்டமான பெருக்க மரங்கள். எல்லாம் செயற்கை. தட்டிப் பார்க்கக் கை எட்டாது. நானோ மன்னாரில் பள்ளிமுனைப் பெருக்க மரத்தை அசலாகப் பார்த்தவன். என்னை ஏமாற்ற முடியுமா? ஆனாலும் பத்து நிமிஷத்தில் ஏமாந்துவிட்டேன். அந்த மரத்துக்கு ஆனைப்புளி என்றும் ஒரு பேர் உண்டு, அதற்கேற்ற இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள் என்று பேரனுக்குச் சொன்னேன். "தாத்தா, ஜூஸ்" என்றான்.

அடுத்தது 'கிட்டும்' என்ற குகையின் நகல். அசல் குகை கென்யாவில், எல்கான் மலையில் இருக்கிறது. உப்புக்காக யானைகள் ராத்திரியில் அந்தக் கும்மிருட்டுக்குள் நுழைந்து தந்தத்தால் சுவரைச் சுரண்டித் தின்னும். அங்கே போய் வந்த மனிதர்களில் இருவர் 1980-லும் 1987-லும் மார்பர்க் வைரஸ் தாக்கி இறந்துபோனார்கள். என்னைக் கேட்டால், நகலே போதும். இங்கே குகைக்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் நீர்யானை. அது நீந்துவதில்லை, அடித்தரையில் கால் ஊன்றி நடக்கிறது. மூக்குக்கு ஓரடி தூரத்தில், கல்யாண மண்டபத்தில் சம்பந்தி நடப்பதைப் போல, யாரையும் பார்க்காமல் போயிற்று. அன்றைக்கு அது வரை தூரப் பார்வைக் கண்ணாடி இல்லாமல் நான் முழுசாகப் பார்த்த ஒரே பிராணி அதுதான்.

மடகாஸ்கர் பகுதியில் லெமூர்களும் நாமும் ஒரே பாதையில் நடக்கலாம். வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட ஒன்று வழி நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, வெயிலுக்கு வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஐந்து பேரும் அதன் தியானம் கலையாமல் செருப்பைக் கையில் எடுக்காத குறையாகச் சுற்றிக்கொண்டு போனோம். இந்த இனத்தில் பெண் ராஜ்யம்தான். சாப்பாட்டில் பெண்ணுக்குத்தான் முதல் உரிமை, ஆண் ஒதுங்கி நிற்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். என் மனைவி அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

சிறுத்தையிடம்தான் மாட்டிக்கொண்டோம். காடு இருக்கிறது, பாறை இருக்கிறது, புதர் இருக்கிறது. முன்னால் நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். என் பக்கத்தில் ஒரு ஸ்பானிஷ் பெரியவர், தோளில் பேரன். திடீரென்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பதறினார்: "ஆயி! ஆயி!"

எனக்குத் திக்கென்றது. அவர் பேரன் முகத்தைப் பார்த்தேன்; அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நானும் தாத்தா இல்லையா, இந்த அவசரம் எனக்குத் தெரியாதா? வந்த வழியில் கழிப்பறை இருந்த திசையைக் கை நீட்டிக் காட்டினேன். கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. பெரியவர் என்னையும் கழிப்பறையையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி புதரைக் காட்டி, இன்னும் உரக்க, "ஆயி!" என்றார். நான் இன்னும் உறுதியாகக் கழிப்பறையைக் காட்டினேன்.

மகள் வந்து காதில் சொன்னாள்: "அப்பா, ஸ்பானிஷ்ல 'ஆயி'ன்னா 'அதோ'ன்னு அர்த்தம்."

அதற்குள் 'அதோ' இல்லாமல் போய்விட்டது. கால் மணி நேரம் நின்றோம். புதர் அசையவில்லை. தட்டி எழுப்ப ஆள் இல்லை, கல் விட்டெறிய ஆள் இல்லை. உயிர் காலேஜில் படித்தவனுக்கு இதைச் சீரணிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது பேர் காசு கொடுத்து வந்து நிற்கும்போது, எனக்கு இஷ்டமில்லை என்று புதருக்குள் படுத்துக்கொள்ள ஒரு சிறுத்தையால் முடிகிறது என்றால், அது நல்ல காலேஜ்தான். முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் எனக்கு அப்படி ஒரு லீவு கிடைத்ததில்லை.

வலென்சியா போகிறவர்கள் தூரப் பார்வைக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய பாறைக்கு இடது பக்கம், இரண்டாவது புதர். தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.