பல்பு வாங்கிய விஞ்ஞானிகள்

1924-இல் சிகாகோவை ஒட்டிய சிசரோ ஊருக்குள் இரண்டு கும்பல் நுழைந்தது. ஒன்று அல் கபோனின் ரவுடிக் கும்பல். மற்றொன்று ஆராய்ச்சிக் கும்பல். முதல் கும்பலுக்காவது தான் எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்திருந்தது.

அங்கே டெலிபோன் சாமான்கள் செய்யும் ஹாதார்ன் தொழிற்சாலையில் வெளிச்சம் கூடினால் வேலை கூடுமா என்று கேள்வி. ஆதரவு கொடுத்தது மின்விளக்குத் தொழில். எந்த விடைக்குப் பாயசம் வைப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். விளக்கை ஏற்றினாலும் இறக்கினாலும் உற்பத்தி ஏறியது என்று மேலாண்மைப் பாடநூல்கள் இன்றும் சத்தியம் செய்கின்றன. 2011-இல் லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் பழைய கணக்கைத் தேடிப்பிடித்துப் புரட்டினார்கள். அப்படிச் சத்தியம் செய்யுமளவுக்கு அதில் சரக்கே இல்லை.

1927-இல் சில பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்து ரிலே என்ற டெலிபோன் உறுப்பைப் பூட்டச் சொன்னார்கள். மறுவருடம் ஹார்வர்டிலிருந்து எல்டன் மேயோ வந்தார். மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர், மனநோய்ப் புத்தகங்களில் ஊறியவர். தொழிலாளி முறைத்தால் கோளாறு கூலியில் இல்லை, அவன் மனதில்தான் என்பது அவருக்கு வரும்போதே தெரியும். உற்பத்தி 30 சதவீதம் போல ஏறியதும், 'அன்பாக நடத்தினோம், மலர்ந்தார்கள்' என்று முடிவு கட்டியாயிற்று. அந்தச் சின்னக் குழுவுக்குத் தனிக் கூலிக்கணக்கு போட்டதும், அதிகம் பேசிய இருவரை மாற்றியதும் அடிக்குறிப்பாக ஒதுங்கின. மாற்றப்பட்டவர்களில் ஒருத்திக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. ஆகா, முணுமுணுப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது!

சுமார் 21,000 தொழிலாளர்களை உட்கார வைத்து மனதைத் திறக்கச் சொன்னார்கள். மேயோவை உட்கார வைத்துக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

1931-இல் இன்னொரு தனி அறையில் ஆண்கள் 14 பேரை உட்கார வைத்தார்கள். இவர்கள் மலரவில்லை. தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் செய்ய மறுத்தார்கள். வேகம் காட்டியவனுக்குத் தோளில் ஒரு குத்து. ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்குத் தெரியாத உணர்ச்சி என்று எழுதிக்கொண்டார்கள். வெளியே பொருளாதாரப் பெருமந்தம். வேலை சீக்கிரம் தீர்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் அந்தப் பதினான்கு பேரின் கணக்கு.

1932 மே மாதம் ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த அறைக்குக் கொடுக்க வேலை இல்லை.