பானட்டுல மூஞ்சி பாக்காத மாப்ள

போட்டோ நாலும் வந்துச்சு மாப்ள. செக்கச்செவேல்னு எம்ஜிபி, 1966 மாடல், குரோம் பம்பர், கம்பி வீலு. படம் எடுத்தவன் மொட்டைத்தலை பானட்டுல தெரியுற அளவுக்குப் பாலிஷ் போட்டிருக்கான். ‘முழுசா ரெஸ்டோர் செஞ்சது’ன்னு கொட்டை எழுத்துல விளம்பரம் வேற. எல்லாம் சரி. நாலு படத்துல ஒண்ணாவது வண்டிக்கு அடியில குனிஞ்சு எடுத்தது இருக்கா? ஆனா நீ அதுக்குள்ள தொப்பி வாங்கிட்டேன்னு உங்கக்கா சொல்லுது.

இன்ஜினுக்காகக் கவலைப்படாத. அது நமக்குப் பங்காளி. 1959லேர்ந்து நம்ம அம்பாசிடர்ல ஓடுச்சே 1489 சிசி, அதே பி-சீரிஸ் வம்சம்தான். உன் ஆளு 1798 சிசி, ரெண்டு எஸ்யூ கார்ப்பரேட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். கார்ப்பரேட்டர் தலையில இருக்குற மூடியைத் திருகி, உள்ள எண்ணெய் நிக்குதான்னு பாரு. இல்லேன்னா மிதிச்ச உடனே வண்டி திக்கும். திக்குனா திக்கிட்டுப் போகுது. இன்ஜின எந்தப் பட்டறையிலயும் இறக்கி ஏத்திப்புடலாம்.

பாடிதான் மாப்ள சங்கதி. இதுக்குத் தனியா சேசிஸ் கிடையாது. மேல கூரையும் இல்ல. மொத்த பலமும் கதவுக்கடியில ஓடுதே ‘சில்’, அதுலதான் நிக்குது. வெளித்தகடு, உள்தகடு, நடுவுல ஒண்ணுன்னு அடுக்கடுக்கா வச்சுப் பத்த வச்சிருப்பான். நீ இருக்குற ஊர்ல பனிக்காலத்துக்கு ரோட்டுல உப்பைக் கொட்டுறான். உப்பைத் தின்ன தகடு தண்ணி குடிச்சுத்தான ஆகணும்? குடிச்சு, உள்ளுக்குள்ளயே இத்துப்போயிருக்கும். மேல பெயின்ட் மட்டும் சிரிக்கும்.

கதவைச் சாத்திட்டு, பின்பக்கம் ஓடுற இடுக்கைப் பாரு. மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கணும். மேல நெருங்கி, கீழ விரிஞ்சிருந்தா வண்டி நடுவுல தொஞ்சு போச்சுன்னு அர்த்தம். முட்டுக் குடுக்காம பழைய சில்லை வெட்டிப்புட்டு, தொஞ்ச வாக்குலயே புதுசைப் பத்த வச்சிருப்பான் புண்ணியவான். அதை எந்த பெயின்டும் நிமித்தாது.

உங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல பாரிஸ் கோபுரக் காந்தம் ஒண்ணு இருக்குல்ல, அதைக் கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டுப் போ. சில் மேல, பின்சக்கரத்துக்கு முன்னால வளையுற மூலையில வச்சுப் பாரு. பிடிக்காம வழுக்குனா உள்ள இருக்குறது பட்டி. பானட்டுல வச்சுட்டு ‘அய்யய்யோ ஒட்டல’ன்னு அலறி என் மானத்தை வாங்காத. அந்தக் காலத்து எம்ஜிபிக்கு பானட்டு அலுமினியம்.

சீட்டுக்குப் பின்னால கம்பளத்தைத் தூக்கச் சொல்லு. அங்க ஆறு வோல்ட் பேட்டரி ரெண்டு, ஆளுக்கொரு தொட்டியில உக்காந்திருக்கும். வாங்குறவன் கடைசியாப் பாக்குற இடம், துரு முதல்ல குடிவர்ற இடம். இந்த மாடலுக்கு பாசிட்டிவ் எர்த். நம்ம ஊர் நினைப்புல ஒயரைத் தொட்டுறாத.

இன்னொண்ணு சொல்லுவான் பாரு: “நாப்பது வயசு தாண்டுன வண்டி சார், ரோடு டாக்ஸ் கிடையாது, எம்ஓடி ஃபிட்னஸ் சோதனையும் வேண்டியதில்ல.” உள்ளதுதான். 2018லேர்ந்து பிரிட்டன்ல அப்படித்தான் சட்டம். வேண்டியதில்லங்கிறது வேற, எடுத்தா தேறும்கிறது வேற. “சும்மா ஒரு தடவை காட்டிட்டு வாங்க, காசு நான் தாரேன்”னு சிரிச்சுக்கிட்டே சொல்லு. சொல்லிட்டு வண்டியப் பாக்காத, அவன் மூஞ்சியப் பாரு.

ஒழுங்கா வேலை செஞ்சவன்னா பிரிச்சுப் போட்ட காலத்துப் படத்தை ஆல்பமா வச்சிருப்பான். துரு, வெட்டு, பத்தவைப்பு எல்லாம் இருக்கும், காட்டி மாளாது. 1988லேர்ந்து பழைய அச்சுலயே அடிச்ச முழு பாடி புதுசாக் கிடைக்குது. அதுல கட்டுனதுன்னு சொன்னா ரசீதைக் கேளு. ஆல்பமும் இல்ல, ரசீதும் இல்ல, பாலிஷ் மட்டும் இருக்குன்னா, பாலிஷுக்கு என்ன விலையோ அதைக் குடு.

எல்லாம் தேறி விலை படியலேன்னா, “நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது சார்”ம்பான். வரட்டும், நான் நாளன்னைக்கு வாரேன்னு சொல்லு.