கடைசி ரயிலும் முதல் கேமராவும்

2011 ஜூன் 30 இரவு, ஜொகூர் சுல்தானே ஓட்ட, சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. 1932இல் திறந்த நிலையம். ஓடிய காலத்தில் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்று கேமராவும் கையுமாக வந்துவிட்டார்கள். நம்மவர்களும் உண்டு. கேனானா நிக்கானா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்து, பெனின்சுலா கேமராக் கடைகளில் நாலு படி ஏறி இறங்கி வாங்கிய முதல் டிஎஸ்எல்ஆர். கூடவே வரும் 18-55 லென்ஸ்மேல் இளக்காரம் வேறு. ரயில் நகர்ந்ததும் ஆட்டோ மோடில் அமுக்கினார்கள். ஃபிளாஷ் தானாகத் துள்ளி எழுந்து, முன்னால் நின்றவரின் பிடரியை மயிர்க்கால் தெரியப் பதிவு செய்தது. ரயில், பின்னால் ஒரு கறுப்புத் தீற்றல். இருட்டுக்கேற்பக் கூட்டிக்கொள்ள ஐஎஸ்ஓ என்று ஒன்று இருப்பதே தெரியாமல் மறுநாள் தீர்ப்பு வந்தது: “இந்த பாடி சரிப்படாது. ஃபுல் ஃபிரேம்தான் வாங்கணும்.”