எந்த ஊர் லிங்க்?

வாசலில் புது ஆள் வந்து நின்றால் அம்மா கேட் கொண்டியைத் தொடமாட்டாள். "யாரு? எந்த ஊரு? யாரைப் பார்க்கணும்?" மூன்றுக்கும் பதில் வந்தாலும் தண்ணீர்ச் சொம்பு கிரில் வழியாகத்தான் போகும். அதே அம்மா, போனில் நீல எழுத்தில் என்ன வந்தாலும் அழுத்திவிடுவாள். கேட்டால், "பாவம், துளியூண்டுதானே இருக்கு!"

துளியூண்டாக இருப்பதுதான் வில்லங்கமே. முழு முகவரியில் ஊர் பேராவது தெரியும். சுருக்கிவிட்டால் ஏழெட்டு எழுத்துக் கிறுக்கல். 2002இல் முகவரி சுருக்கும் டைனியூஆர்எல்லைத் தொடங்கிய கெவின் கில்பர்ட்சனைத் திட்டிப் பயனில்லை. அவர் ஒற்றைச் சக்கர சைக்கிள் பிரியர், சக பிரியர்களுக்கு முழ நீள முகவரிகளை அனுப்ப ஒரு வழி பார்த்தார், அவ்வளவுதான். பின்னால் ட்விட்டர் வந்து 140 எழுத்துக்குமேல் மூச்சுவிடக் கூடாது என்றதும் ஊரே சுருக்க ஆரம்பித்தது.

ஒருநாள், "பில் பாக்கி, இன்று இரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று சித்தப்பாவுக்கு ஒரு பிட்.லி லிங்க். நான் பாய்ந்து தடுத்தேன். "வால்ல எல்ஒய்னு இருக்கு பாருங்க. அது லிபியா நாட்டுக் குறி."

"ஏம்ப்பா, நம்ம கரண்டு ஆபீசை எப்ப லிபியாவுக்கு மாத்தினாங்க?"

பிட்.லி அமெரிக்கக் கம்பெனி, வால் மட்டும்தான் லிபியா என்று விளக்கப் பத்து நிமிடம். அதன் கடைசியில் ஒரு கூட்டல் குறி போட்டால், உள்ளே போகாமலே அது எங்கே போகிறது என்று காட்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். பணம் போனால் கூப்பிட வேண்டிய 1930ஐ பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அன்றிலிருந்து குடும்பத்தில் லிங்க் ஜோசியர் நான்தான்.

போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி என்னுடையது. முதல்நாள் ராத்திரி தெரியாத நம்பரிலிருந்து, "கோயிலுக்கு வழி" என்று ஒரு லிங்க். வாலைப் பார்த்தேன்: கூ.ஜிஎல். ஜிஎல் என்றால் கிரீன்லாந்து. கிரீன்லாந்தில் யாருக்குக் காதுகுத்து? பிளாக் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

கூகுள் மேப்பே அந்த வாலோடுதான் வழி அனுப்பும் என்பதும், அது மாமாவின் புது நம்பர் என்பதும் மறுநாள்தான் தெரிந்தது. அக்கா வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது "முனியப்பன் கோயில்". சேலத்துப் பக்கம் முனியப்பன் இல்லாத ஏரிக்கரை உண்டா? மூன்று முனியப்பனைக் கும்பிட்டுவிட்டு ஒரு டீக்கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு? எந்த ஊரு? யாரைப் பார்க்கணும்?"

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை ஒன்றுவிட்ட மாமன் மடியில், காதில் தோடோடு தூங்கிக்கொண்டிருந்தது. போட்டோ ஆல்பத்தை நேற்று அக்கா அனுப்பியிருக்கிறாள். சுருக்கிய லிங்க்தான். வாலில் எந்த நாடு என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.