முதல் வாய் முட்டைக்கு!

கேள்வி: அம்மாவுக்கு எடை குறைக்க ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சை செய்து மூன்று மாதமாகிறது. ஒன்றரை இட்லியிலேயே போதும் என்கிறார். கலோரி குறைவது நல்லதுதானே? டயட்டீஷியன் ஏன் “புரதம், புரதம்” என்று விரட்டுகிறார்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: விரட்டட்டும், அம்மாவின் நல்லதுக்குத்தான்! இந்தச் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது சீட்டு குறைந்த மினி பஸ். இட்லி முதலில் ஏறினால் முட்டைக்கு இடமில்லை!

கலோரி தானாகவே குறையும். புரதம் தானாக வராது. அது போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். முடி கொட்டும், உடம்பு அசரும். பொதுவாக நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம்தான். ஒரு முட்டையில் 6. அதனால் முதல் வாய் முட்டை, மீன், பனீர், பருப்பு. இட்லி கடைசியில். எட்டாத மிச்சத்துக்கு டாக்டர் சொல்லும் புரதப் பவுடர்.

சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். அரைமணி நேரம் கழித்துச் சிறுகச் சிறுகக் குடிக்கட்டும். பாயசம், ஜூஸ், ஐஸ்கிரீம் விஷயத்தில் உஷார்: வயிறு நிறையாது, கலோரி மட்டும் சேரும். வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நிறுத்தவே கூடாது.

“இன்னும் ஒண்ணு வெச்சுக்கோம்மா” என்ற பாசத்தை இட்லியிலிருந்து முட்டைக்கு மாற்றுங்கள். அம்மா தெம்பாக மெலிவார்!