பத்தொன்பது வயது மூப்பர்

தைபே நகரத்துச் சாலையில், முப்பத்தைந்து டிகிரி வெயிலில், வெள்ளைச் சட்டையும் ஹெல்மெட்டும் அணிந்து இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் சைக்கிள் மிதித்து வந்தால் அவர்களை யாரும் வங்கி அதிகாரிகள் என்று நினைப்பதில்லை. வங்கி அதிகாரி முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். இவர்கள் சிரிப்பார்கள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்போதும் சிரிப்பார்கள். ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு கறுப்புப் பட்டை. அதில் மார்மன் சபையின் பெயர் சீன எழுத்தில் இருக்கும். அதற்கு மேலே அவர் பெயரும் பட்டமும்: மூப்பர் இன்னார்.

மூப்பருக்கு வயது பத்தொன்பது. மீசை இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தைவானில் இந்தப் பட்டம் வயதான பௌத்தத் துறவிகளுக்கும் உண்டு. எனவே பட்டையைப் படிக்கிற பெரியவர்கள் ஒருமுறை முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடி பட்டையைப் படிப்பார்கள், பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்பார்கள்: "சாப்பிட்டியாப்பா?"

ஊரில் இவர் வெறும் பையன். அமெரிக்காவின் யூட்டா மாநிலம், மார்மன் குடும்பம், நாலைந்து பிள்ளைகளில் ஒருவன். பள்ளி முடித்த கையோடு சபையின் மதப்பிரசார ஊழியத்துக்கு விண்ணப்பம் போட்டான். எந்த ஊர் வேண்டும் என்று கேட்கிற பழக்கம் அங்கே இல்லை. சால்ட் லேக் சிட்டியில் உள்ள சபைத் தலைமையகம் சொன்ன ஊர்தான் ஊர். பதில் வந்த அன்று மாமா, சித்தி, பக்கத்து வீட்டார் எல்லோரும் கூடத்தில் கூடுவார்கள். பாட்டி வீடியோவில் வருவார். பிரேசிலா, கானாவா, பக்கத்து மாநிலமான ஐடஹோவா? ஐடஹோ என்று வந்தாலும் எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் வடித்தாக வேண்டும்.

தலைமையகத்துக்கு இதில் தனி ரசனை உண்டு என்பது என் சந்தேகம். இவர்கள் சபையில் 1833-ல் வந்த போதனைப்படி மது, புகையிலை, காபி, தேநீர் நான்கும் விலக்கு. பிற்காலத்தில் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட மிட் ராம்னியை 1966-ல் ஊழியத்துக்கு அனுப்பிய இடம் ஒயின் ஆறாக ஓடும் பிரான்ஸ். நம் பையனுக்கு விழுந்தது தைவான். மலையெல்லாம் தேயிலை, தெருவெல்லாம் தேநீர்க் கடை.

இரண்டு வருடம், சம்பளம் கிடையாது. அதுமட்டுமல்ல, இவன்தான் பணம் கட்ட வேண்டும்: மாதம் 500 டாலர். 2020 வரை 400 ஆக இருந்தது. விலைவாசி ஆண்டவனின் ஊழியர்களையும் விடுவதில்லை. புல்வெட்டிச் சேர்த்த காசோடு பெற்றோரும் கொஞ்சம் போட, பையன் புரோவோ நகரப் பயிற்சி மையத்தில் சில வாரம் மாண்டரின் படிக்கிறான். அங்கே அவனுக்குச் சீனம் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவனைப் போலவே யூட்டாவிலிருந்து போய்த் திரும்பியவர்கள். ஆகவே அவர்கள் பேசினால் அவனுக்கு நன்றாகப் புரிகிறது. தைபே விமான நிலையத்தில் இறங்கியதும், தான் இதுவரை படித்தது யூட்டாச் சீனம் என்று தெரிந்துகொள்கிறான்.

இறங்கியதும் ஒரு ஜோடி கிடைக்கும். ஊழியக்காரர் தனியாக எங்கும் போகக் கூடாது, குளியலறை தவிர. கூட்டாளி எப்போதும் கண்ணெதிரில். காலை ஆறரைக்கு இருவரும் எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். நடுவில் சினிமா கிடையாது, காதல் கிடையாது. ஜாதகம் பார்க்காமல் கட்டிவைத்த கல்யாணம் மாதிரி இது. ஒரே வித்தியாசம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை மேலிடமே பிரித்து வேறு ஆளோடு கட்டிவைக்கலாம். முதல் கூட்டாளிக்கு, அதாவது பயிற்சி தருகிறவருக்கு, இவர்கள் வழக்கில் 'அப்பா' என்று பெயர். அப்பாவுக்கு வயது இருபது. சோற்றுக் குக்கரில் எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்பது அப்பாவுக்கும் தெரியாது.

இனி வேலை. வீட்டுக் கதவைத் தட்டலாம் என்றால் தைபேயில் எல்லாம் அடுக்குமாடி, கீழே காவலாளி. ஆகவே மூப்பர்கள் கண்டுபிடித்த ஊழியக்களம் சிவப்பு விளக்கு. விளக்கு விழுந்ததும் நூறு ஸ்கூட்டர்கள் வந்து நிற்கும், ஒருவரும் ஓட முடியாது. மூப்பர் சைக்கிளை ஒரு ஸ்கூட்டரின் பக்கத்தில் ஓரங்கட்டி, "வணக்கம், நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று ஆரம்பிப்பார். சிக்னலில் விநாடிகள் இறங்கிக்கொண்டிருக்கும். அறுபது. அதற்குள் 1820-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தோப்புக்குள் பதினான்கு வயது ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த தரிசனத்தைச் சொல்ல வேண்டும். நாற்பது. தேவதூதர் வந்தது, குன்றில் புதைந்திருந்த தங்கத் தகடுகள். இருபத்தைந்து. 'தகடு' என்ற சீனச் சொல் மறந்துவிடும். பதினைந்து. கையால் தகட்டின் அளவைக் காட்டுவார். ஸ்கூட்டர்க்காரர் இது பீட்சா விளம்பரம் போலிருக்கிறது என்று தலையாட்டுவார். பச்சை. நூறு ஸ்கூட்டர்களும் போய்விடும். மூப்பர் அடுத்த சிவப்பை நோக்கி மிதிப்பார். ஊரில் எல்லோரும் பச்சை விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ள, சிவப்பு விழ வேண்டும் என்று ஜெபிக்கிற ஜீவன் இவர் ஒருவர்தான்.

எதிர்ப்புக்கு இவரைத் தயார் செய்துதான் அனுப்பியிருக்கிறார்கள். திட்டு, கேலி, முகத்தில் அறைந்து சாத்தும் கதவு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. சபையே அப்படிப் பழகியது. 2011-ல் பிராட்வேயில் இவர்களை அக்குவேறு ஆணிவேறாகக் கிண்டல் செய்து ஓர் இசை நாடகம் வந்து சக்கைப்போடு போட்டபின், வழக்குப் போடாமல் அந்த நாடகத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்திலேயே பணம் கொடுத்துத் தங்கள் வேதநூலுக்கு விளம்பரம் செய்த கூட்டம் இது. ஆனால் தைபேக்காரரின் மரியாதைக்கு மருந்து எந்தப் பயிற்சி மையத்திலும் இல்லை.

அங்கே யாரும் 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. "இப்போது கொஞ்சம் வசதிப்படாது" என்பார்கள். ஐந்து வருடம் கழித்தும் வசதிப்படாது என்பது மூப்பருக்கு நாலாவது மாதத்தில்தான் விளங்கும். அதுவரை நோட்டுப் புத்தகத்தில் "மிகவும் ஆர்வம் உள்ளவர்" என்று எழுதிக்கொண்டிருப்பார். மூலைக்கடைப் பாட்டி ஒருத்தி அவர் சொன்னதை முழுக்கக் கேட்டு, கண்கலங்கி, கிறிஸ்துவின் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் போனால் படம் கடல்தாய் மாட்சுவுக்கும் மண்சாமிக்கும் நடுவில் இருந்தது. முன்னால் ஊதுபத்தி, இரண்டு ஆரஞ்சு. ஒரே உண்மையான சபை என்று சொல்ல வந்தவர் என்ன செய்வார்? பாட்டி ஓர் ஆரஞ்சை எடுத்து நீட்டினாள். சாப்பிட்டார்.

இப்படித்தான் 1956-ல் முதல் நான்கு பேர் வந்திறங்கியதிலிருந்து மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். 1984-ல் தைபேயில் ஆலயமும் எழுந்தது. இரண்டு கோடியே முப்பது லட்சம் மக்களில் இன்று சபைப் பதிவேட்டில் இருப்பவர்கள் 60,000 சொச்சம். அதில் ஞாயிறு தவறாமல் வருபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மூப்பர் சிரிப்பார். இந்தச் சிரிப்பு சற்று வேறு மாதிரி இருக்கும்.

தேநீர் விஷயத்துக்கு வருவோம். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் வருவது ஒரு கோப்பைத் தேநீர். மறுத்தால் அவமரியாதை, குடித்தால் பாவம். பபிள் டீயைப் பெற்ற நாடு அது. 2019-ல் சபை, குளிர்ந்த தேநீரும் பச்சைத் தேநீரும்கூடத் தேநீர்தான் என்று விளக்கம் வேறு சொல்லிவிட்டது. மூப்பரைக் காப்பாற்றியது வெண்பூசணி. நாம் திருஷ்டி கழித்து நடுரோட்டில் போட்டு உடைக்கிறோமே, அதேதான். அதை வெல்லச்சர்க்கரையில் காய்ச்சி 'பூசணித் தேநீர்' என்று விற்கிறார்கள்; தேயிலை துளிகூடக் கிடையாது. மூப்பர்கள் அதை லிட்டர் கணக்கில் குடிக்கிறார்கள். மிச்சமிருப்பது ஒரே ஒரு வேதாந்தச் சிக்கல். செவன் இலெவன் கடைகளில் தேயிலைத் தண்ணீரில் வேகவைத்த முட்டை மணக்க மணக்க விற்கிறது. அது குடிப்பதா, தின்பதா? இரவு பத்து இருபதுக்கு அப்பாவும் மகனும் இதை விவாதிப்பார்கள். பத்தரைக்கு விளக்கணைந்துவிடும். முட்டை தீர்ப்பில்லாமல் நிற்கும்.

மொழியில் விழாத பள்ளமில்லை. டம்ப்ளிங் ஒரு கிண்ணம் என்ன விலை என்று கேட்கப்போய், தொனி பிசகி, ஒரு ராத்திரி தூங்க என்ன விலை என்று கடைக்காரம்மாவைக் கேட்ட வெள்ளைக்காரன் கதை தைவானில் மிகப் பழையது. ஆனால் கேட்டவர் கழுத்துப்பட்டையும் தேவசபைப் பட்டையும் அணிந்திருந்தால் கதைக்குச் சுவை கூடிவிடுகிறது. கடைக்காரம்மா சிரித்து முடித்து, கூடுதலாக மூன்று டம்ப்ளிங் போட்டாள்.

வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் மூப்பர் இலவச ஆங்கில வகுப்பு நடத்துவார். அன்று கூட்டம் நிரம்பும். ஓய்வுபெற்ற பொறியாளர், கல்லூரிப் பெண், நாற்பது வருடமாக ஆங்கிலம் கற்கும் ஒரு தாத்தா. வகுப்பு முடிவில் சிறு ஜெபமும் ஓர் ஆன்மிகச் சிந்தனையும் உண்டு. அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் கடைசிப் பேருந்து நினைவுக்கு வரும்.

முன்பெல்லாம் வீட்டாரோடு வருடத்தில் இரண்டே தடவைதான் பேசலாம், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். 2019-லிருந்து வாரா வாரம் பேசலாம். அம்மா கேட்பார்: "என்னப்பா சாப்பிடறே?" பையன் நாற்றத் தோஃபுவைப் பற்றிச் சொல்ல மாட்டான். "சோறு, காய்கறி" என்பான். எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்று அப்பா, அசல் அப்பா, கேட்பார். "நிறைய பேர் ஆர்வமாக இருக்கிறார்கள்" என்பான். இதற்குள் அவனும் தைபேக்காரன் ஆகிவிட்டான்.

இரண்டாம் வருடக் கடைசியில் கூட்டாளிகள் இவனைப் 'பெட்டிக்காரன்' என்று கேலி செய்வார்கள். மனம் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டதாம். திரும்பிப் போகிறவர்களில் சிலருக்குச் சீனம் கைகொடுக்கும். தைவானில் ஊழியம் செய்த ஜான் ஹன்ட்ஸ்மன் யூட்டா ஆளுநராகி, 2009-ல் பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதராகவும் ஆனார். மற்றவர்களை யூட்டாவின் பூச்சிமருந்துக் கம்பெனிகளும் சோலார் கம்பெனிகளும் அள்ளிக்கொள்கின்றன. இரண்டு வருடம் முகம் சுளிக்காமல் மறுப்பு வாங்கிய ஆளைவிடச் சிறந்த விற்பனைப் பிரதிநிதி எங்கே கிடைப்பான்?

நம் பையன் ஊருக்கு வந்த முதல் வாரமே குடும்பத்தைப் புரோவோவில் ஒரு சீன உணவகத்துக்கு அழைத்துப் போனான். கல்லாவில் நின்றவரிடம் தொனி பிசகாத மாண்டரினில், தைபே மரியாதையோடு, ஐந்து நிமிடம் பேசி ஆர்டர் கொடுத்தான். அம்மா பெருமையில் பூரித்துப் போய் வீடியோ எடுத்தார். கல்லாக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "தம்பி, நான் ஹாங்காங். எங்கள் வீட்டில் கான்டனீஸ்தான்."