எழுநூற்று முப்பதார்

பேராதனையில் ஓய்வுபெற்று வாழும் தமிழ்ப் பேராசிரியருள், பிள்ளைகள் பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளும் 'ஸ்பொன்சர்' முறையால் கனடாவின் நிரந்தர வதிவிட உரிமையைப் பெற்று, அங்கே வதியாமலே அதனைக் கட்டிக்காக்கும் ஒரு வகையினர் உளர். ஊரார் 'பி.ஆர். காரர்' என்னும் இவரை 'எழுநூற்று முப்பதார்' எனலே பொருந்தும். ஏனெனில், 2002 யூன் 28 முதல் நடைமுறையிலுள்ள கனடியக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம், நிரந்தர வதிவாளர் ஒவ்வோர் ஐந்தாண்டிலும் 730 நாட்களேனும் அந்நாட்டில் இருத்தல் வேண்டும் என விதிக்கிறது.

சைவ சித்தாந்தம் கற்பித்த இவர் முதுமையில் கணிதராகிறார். கலஹா வீதியில் எதிர்ப்படுவோர் 'எப்ப பயணம்?' என்றால், திகதி சொல்லாது, 'இன்னும் 214 கிடக்குது' என்று மீதி சொல்வார். நெட்டாண்டு சேர்வதால் ஐந்தாண்டுக்குக் குறைந்தது 1,826 நாட்கள் உண்டு. 730 மட்டும் கூடுவதில்லை ஆதலின், பெப்ரவரி 29 கனடிய அரசு பேராதனைக்கு அளித்த நன்கொடை என்பது அவர் துணிபு. நாளின் ஒரு பகுதி அங்கே கழிந்தாலும் அது முழுநாளாகக் கொள்ளப்படுவதால், நள்ளிரவுக்குச் சற்று முன் ரொறன்ரோவில் இறங்கும் விமானத்தையே தேர்வார். அது தாமதித்தால் அன்றிரவு இழவு வீடுதான்.

குறிஞ்சிக் குமரன் கோயிலில் பூசை முடிந்ததும் அவருடைய விரிவுரை தொடங்கும். வதிவிட அட்டை காலாவதியானாலும் உரிமை தானாக அழிவதில்லை என்பதை, உடல் அழிய உயிர் அழியாமைக்கு ஒப்பிட்டு அவர் நிறுவுவார். உடலின்றி உயிர் விமானம் ஏறமாட்டாது என்று மாணவர் எவரேனும் இடைமறித்தால், அட்டையற்றோர்க்கு வழங்கப்படும் பயண ஆவணமே சூக்கும உடல் என விடையிறுப்பார்.

இச்சட்டத்திற்குப் புறனடையும் உண்டு. கனடியக் குடியுரிமை பெற்ற வாழ்க்கைத்துணையோடு கூடி வெளிநாட்டில் வாழும் நாட்கள் கனடாவில் வாழ்ந்தனவாகவே எண்ணப்படும். பேரப்பிள்ளைகளை வளர்க்க ஸ்காபுரோவில் தங்கிக் குடியுரிமையும் பெற்றுவிட்ட மனைவியார் திரும்பி வந்தால், முற்றத்துப் பலாமரம் உட்பட வீடு முழுவதும் கணக்கிலே கனடாவாகிவிடும். அதனால் நாள்தோறும் தொலைபேசியில் உருகி அழைக்கிறார். அம்மையாரோ, 'உங்களுக்கு வேண்டியது நானோ, நாளோ?' என்கிறார்.

இப்புறனடையைக் கோரும் வழக்குகளின் மேன்முறையீட்டில், யார் முன்சென்றார், யார் துணையாகப் பின்சென்றார் என்பதும் சிலவேளை ஆராயப்பட்டதுண்டு. எழுநூற்று முப்பதாரின் இல்லத்தில் நாற்பதாண்டாக அதிலே எவர்க்கும் ஐயம் எழுந்ததில்லை ஆதலின், அவ்வினா அவரிடம் வருமாயின், சாட்சி சொல்லக் கலஹா வீதி முழுவதும் திரண்டு வரும்.